வழுவும் வழுவமைதியும்

தமிழிலக்கணத்தில் வழு என்னும் சொல்லுக்குப் பழமையானதோர் இடம் உண்டு. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்னும் ஏழும் தத்தம் நெறியிற் பிறழ்ந்து வருதலை வழு என்றும், பிறழ்ந்தும் யாதேனும் ஒரு காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படுதலை வழுவமைதி என்றும் இலக்கணிகள் வகுத்தனர். கணினியைத் தமிழிற் பேச முற்பட்டோர், செய்நிரல்களில் நேரும் பிழைக்குப் பெயர் தேடியபொழுது இச்சொல்லையே எடுத்தாண்டனர். ஆங்கிலத்தார் அதனைப் பூச்சி என்பர். பூச்சி வெளியிலிருந்து வந்து புகுவது. வழுவோ எழுதியவர் கையிலிருந்தே பிறப்பது. தமிழ்ச் சொல்லே பொருளுக்கு நெருங்கியது எனலாம்.

இலக்கணமும் இலக்கியமும் பயில்வோர்க்குக் கணினியின் வழுக்களில் என்ன அக்கறை என்று சிலர் வினவக்கூடும். நாற்பதாண்டுகளுக்கு மேலாக அறியப்பட்டு, பலமுறை திருத்தப்பட்டு, அதன் பின்னரும் தலைதூக்கிய ஒரு வழுவின் வரலாறு, எழுத்தில் அமைந்த ஒன்று எவ்வாறு பேணப்படுகிறது, எவ்வாறு இழக்கப்படுகிறது என்பதன் வரலாறுமாகும். செயன்முறைகளுக்கிடையே செல்லும் சைகைகளைக் கையாள்வதில் நேரும் வழு அத்தகையது.

யுனிக்ஸ் என்னும் பணிசெயல் முறைமை 1969ஆம் ஆண்டில், அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்திலிருந்த பெல் ஆய்வுகூடத்தில், கென் தொம்சன், டெனிஸ் றிச்சி ஆகியோரின் முயற்சியால் உருப்பெறத் தொடங்கியது. இன்று கைத்தொலைபேசிகளிலும் இணையத்தைத் தாங்கும் சேவையகங்களிலும் இயங்கும் முறைமைகளுட் பெரும்பாலானவை அதன் வழித்தோன்றல்களாகவோ, அதன் நெறியைப் பின்பற்றி எழுதப்பட்டவையாகவோ உள்ளன. இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு செய்நிரலை அம்முறைமை ஒரு செயன்முறையாகக் கொள்ளும். ஒவ்வொரு செயன்முறைக்கும் தனக்கெனத் தனியானதொரு நினைவகப் பரப்பு உண்டு. அயலிலுள்ள செயன்முறை அதனுட் கைவைத்தல் இயலாது. வேலியிட்ட வளவுகளில் வாழும் அயலவர் போன்றன இவை. வேலிக்கு மேலால் ஒருவரை ஒருவர் கூப்பிடுவதற்கு அமைந்த மிக எளிய வழியே சைகை. பழைய சைகை ஓர் எண்ணன்றி வேறில்லை. 2 எனில், விசைப்பலகையின் முன்னிருப்பவர் நிறுத்துமாறு கேட்கிறார். 9 எனில், மறுபேச்சின்றி மடியவேண்டும். 14 எனில், முன்னர் வைத்த கடிகாரம் அடித்துவிட்டது. கூப்பிட்டவர் யார், எதற்காகக் கூப்பிட்டார் என்பவற்றை அது கூறுவதில்லை.

சைகையின் இயல்பை விளங்கிக்கொள்ளக் கந்தோர் ஒன்றைக் கற்பனை செய்தல் உதவும். அங்கே ஓர் இலிகிதர் பேரேட்டில் ஒரு தொகையைப் பற்றுப் பக்கத்தில் எழுதிவிட்டார். வரவுப் பக்கத்தில் எழுதுதற்கு முன் மணி அடிக்கிறது. சாதாரணக் கந்தோரில், எழுதி முடித்துவிட்டு எழுந்து செல்வார். சைகையின் கந்தோரில் அது முடியாது. பேனா காகிதத்தில் நிற்கும்பொழுதே அவர் எழுந்து, மணிக்கென வகுக்கப்பட்ட வேறொரு வேலையைச் செய்து முடித்துவிட்டு வந்து, விட்ட எழுத்திலிருந்து தொடரவேண்டும். மணிக்குரிய வேலையைச் செய்பவரும் அவரே. அந்த வேலைக்கும் அதே பேரேடு வேண்டியிருந்தால், பாதி எழுதிய கணக்கை முழுக்கணக்கென நம்பி அவரே ஏமாறுவார். பேரேடு வைத்த அலுமாரியைப் பூட்டிவிட்டுத்தான் எழுதவேண்டும் என்னும் விதி இருப்பின் நிலைமை இன்னும் விபரீதமாகும். பூட்டியவர் திறக்கும்வரை மணிவேலை காத்திருக்கும். மணிவேலை முடியும்வரை பூட்டியவர் திரும்பமாட்டார். ஒருவர் தமக்காகத் தாமே முடிவின்றிக் காத்திருக்கும் இந்நிலை செய்நிரல்களில் உண்மையாகவே நிகழ்வது. நினைவகத்தில் இடம் ஒதுக்கும் செயற்கூறு தன் கணக்கைப் பூட்டிவைத்துத் திருத்திக்கொண்டிருக்கையில் சைகை வந்து, அச்சைகையைக் கையாளும் பகுதியும் இடம் ஒதுக்கக் கேட்குமாயின், செயன்முறை அங்கேயே உறைந்துவிடும்.

தொடக்கத்தில் இதனினும் எளிய தவறுகள் இருந்தன. 1979இல் வெளிவந்த யுனிக்சின் ஏழாம் பதிப்பில், ஒரு சைகையைக் கையாளுமாறு செய்நிரல் சொல்லிவைத்த ஏற்பாடு ஒருமுறைக்கு மட்டுமே செல்லுபடியாகும். சைகை வந்து சேர்ந்த கணத்திலேயே ஏற்பாடு அழிந்து பழைய நிலை மீளும். கையாளும் பகுதி தன் முதல் வேலையாக அதனைப் புதுப்பிக்கவேண்டும். அழிவதற்கும் புதுப்பிப்பதற்கும் இடைப்பட்ட நுண்ணிய பொழுதில் இரண்டாவது சைகை வந்தால், அதைப் பிடிப்பார் இல்லை; பெரும்பாலும் செயன்முறையே மடிந்துபோகும். பொறுமையற்ற ஒருவர் நிறுத்தும் விசையை இருமுறை விரைந்து அழுத்துவது போதும். யுனிக்சின் கைந்நூலில் ஒவ்வோர் அழைப்பையும் விளக்கிய பின்னர் வழுக்கள் என்றொரு தலைப்பு இடுவது வழக்கம். அத்தலைப்பின் கீழ் இக்குறையை ஏழாம் பதிப்பின் கைந்நூலே ஒளிக்காது சொல்லிவிட்டது. தம் குறையைத் தம் நூலிலேயே எழுதிவைக்கும் இவ்வழக்கம் போற்றத்தக்கது. ஆயின், எழுதிவைத்தமையாற் குறை நீங்கிவிடவில்லை.

இலக்கணத்தார் மொழியிற் கூறின் இது காலவழு. ஒவ்வொரு கூற்றும் தனித்தனியே சரியானது. அவை நிகழும் பொழுதுகளே மயங்குகின்றன. சோதனை செய்பவர் ஆயிரம் முறை இயக்கிப் பார்த்தாலும் ஆயிரம் முறையும் செய்நிரல் செவ்வனே இயங்கக்கூடும். ஏட்டிலுள்ள எழுத்துப்பிழை எத்தனை முறை படித்தாலும் அதே இடத்திற் கிடக்கும். இந்தப் பிழையோ படிப்பவர் எந்த நொடியிற் படிக்கிறார் என்பதைப் பொறுத்துத் தோன்றி மறைகிறது.

இன்னொரு வகையையும் இங்கே சுட்டலாம். சைகைகள் வரிசையில் நிற்பதில்லை. மணிக்குப் பதிலாக ஒரு விளக்கு என்று கொண்டால், ஏற்கனவே எரியும் விளக்கை மறுபடி ஏற்றுவதாற் புதிதாக ஒன்றும் தெரியவராது. சேய்ச் செயன்முறைகள் மூன்று அடுத்தடுத்து மடிந்தபொழுது, தாய்ச் செயன்முறைக்கு ஒரே ஒரு சைகை மட்டும் சென்று சேர்தல் கூடும். ஒரு சைகைக்கு ஒரு மரணம் என்று கணக்கிட்ட செய்நிரல் இரண்டு பிள்ளைகளை எடுத்து அடக்கம் செய்யாமல் விட்டுவிடும். அவ்வாறு எஞ்சுவனவற்றுக்கு யுனிக்ஸ் உலகில் வழங்கும் பெயர் நடைப்பிணம் என்பதே.

இக்குறைகளை முறையாகத் திருத்த முயன்றோர் பேர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தார். 1983இல் வெளியான அவர்தம் 4.2 பதிப்பில், கையாளும் ஏற்பாடு அழியாது நிலைத்தது. ஒரு சைகையைக் கையாளும்பொழுது அதே சைகை மறுபடி வராமல் தடுத்துவைக்கவும் வழி பிறந்தது. 1988இல் வகுக்கப்பட்ட பொசிக்ஸ் என்னும் பொதுநியமம் இந்நெறியையே பெரிதும் தழுவியது. இத்துடன் கதை முடிந்திருக்கவேண்டும்.

முடியாமைக்குரிய காரணங்களுள் ஒன்றை றிச்சார்ட் கப்ரியேல் என்பார் 1991இல் வெளியான ஒரு கட்டுரையில் ஒரு சிறு கதையாகக் கூறியுள்ளார். மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்து மரபில் வந்த ஒருவரும் யுனிக்ஸ் மரபைச் சேர்ந்த ஒருவரும் சந்தித்தபொழுது, நீண்ட நேரம் எடுக்கும் ஒரு முறைமை அழைப்பின் நடுவே குறுக்கீடு நேர்ந்தால் என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. பாதியில் விட்ட வேலையை முற்றாகப் பின்வாங்கி, ஒன்றும் நிகழாதது போல் மறுபடி தொடங்கச் செய்தலே சரியான வழி என்பது முன்னவர் கட்சி. யுனிக்ஸ் அவ்வாறு செய்யவில்லை. வேலை முடியவில்லை என்றொரு பிழைக்குறியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வேண்டுமானால் மறுபடி கேட்டுக்கொள் என்று செய்நிரல் எழுதுவோர் தலையிற் பொறுப்பைச் சுமத்தியது. கருப்பகுதி எளிமையாக இருக்கவேண்டும் என்பது பின்னவர் நியாயம். முன்னவருக்கு இந்த விடை பிடிக்கவில்லை. அவர் பிடிவாதமும் புரிந்துகொள்ளத்தக்கதே. ஆனால் உலகெங்கும் பரவியது பின்னவர் வழி.

பிற்காலத்தில் பேர்க்லி முறைமை தடைப்பட்ட அழைப்பைத் தானே மீளத் தொடங்கிற்று. பெல் ஆய்வுகூடத்தின் நேர்வழியில் வந்த முறைமை தொடங்கவில்லை. இன்றைய பொதுநியமமோ ஒரு குறியீட்டை இட்டால் ஒருவிதமாகவும், இடாவிட்டால் மற்றொருவிதமாகவும் இயங்க இடமளிக்கிறது. அக்குறியீட்டுக்கும் கட்டுப்படாத அழைப்புகளும் உண்டு. இதனை வழுவமைதி என்பதன்றி வேறெவ்வாறு அழைப்பது? ஏற்கனவே எழுதப்பட்ட எண்ணற்ற செய்நிரல்கள் பழைய நடத்தையை நம்பியிருக்கையில் அதனை ஒரே நாளில் வழுவென்று தள்ளிவிட முடியாது. இலக்கணத்தில் வழுவமைதிக்கு உயர்வும் உவப்பும் சினமும் காரணங்களாகலாம். இங்கே காரணம் பழக்கம் ஒன்றே.

இழைகளின் வருகை சிக்கலை இன்னொரு படி உயர்த்தியது. ஒரே செயன்முறைக்குள், ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொண்டு, பல வேலைகள் ஒருங்கே நடைபெறுவதாயின் அவை ஒவ்வொன்றும் ஓர் இழை. கந்தோரில் ஒருவர் இருந்த இடத்தில் இப்பொழுது பத்து இலிகிதர், பேரேடு ஒன்றே. மணி அடித்தால் எழுந்து செல்பவர் யார்? 1995ஆம் ஆண்டின் பொசிக்ஸ் இழை நியமம் இதற்குக் கூறிய விடை விசித்திரமானது. செயன்முறைக்கென வரும் சைகையை, அதனைத் தடுத்துவைக்காத இழைகளுள் ஏதாவது ஒன்று பெறும். எது என்பதற்கு உறுதி இல்லை. தடுத்துவைப்பது ஒவ்வோர் இழைக்கும் தனித்தனி உரிமை. கையாளும் ஏற்பாடோ அனைத்துக்கும் பொது. ஓர் இழை மாற்றியமைத்த ஏற்பாட்டின் விளைவை மற்றோர் இழை அனுபவிக்க நேரும். அனுபவம் மிக்கோர் இதற்குக் கண்ட வழி, எல்லா இழைகளிலும் சைகைகளைத் தடுத்துவிட்டு, சைகைக்காகக் காத்திருப்பதையே தொழிலாகக் கொண்ட தனி இழை ஒன்றை வைப்பது. வாசலில் ஒரு காவற்காரரை இருத்திவிட்டால் உள்ளிருப்போர் எழுந்தோட வேண்டியதில்லை.

லினக்ஸ் முறைமையில் இழைகளின் முதல் அமைப்பை 1996இல் உருவாக்கியவர் பிரான்சைச் சேர்ந்த சவியே லெறுவா. அவ்வமைப்பில் ஒவ்வோர் இழையும் கருப்பகுதியின் கண்ணுக்குத் தனியானதொரு செயன்முறையாகவே தோன்றியது. ஒவ்வொன்றுக்கும் தனி இலக்கம். வெளியிலிருந்து ஓர் இலக்கத்துக்கு அனுப்பிய சைகை அந்த இழையை மட்டுமே சேரும். அது தடுத்து வைத்திருந்தால், பெறத் தயாராயிருக்கும் பக்கத்து இழைக்கு அது சென்றடையாது. நியமம் ஒன்று சொல்ல, நடைமுறை வேறொன்று செய்தது. 2003இல் உல்றிச் ட்றெப்பர், இங்கோ மொல்னார் ஆகியோரின் புதிய அமைப்பு இதனைப் பெருமளவு சீர்செய்தது. ஆயினும், பயனர் உரிமையை மாற்றும் அழைப்பு லினக்சின் கருப்பகுதியில் இன்றும் தனி இழையையே சாரும்; ஆதலால் ஓர் இழை தன் உரிமையை மாற்றும்பொழுது, ஏனைய இழைகளும் மாற்றிக்கொள்ளுமாறு அவற்றுக்குச் செய்தி அனுப்பவேண்டியுள்ளது. அச்செய்தி செல்வது, வேறெதனால், ஒரு சைகையால்.

இவையெல்லாம் தொழினுட்பத்தார்க்கு மட்டுமே உரிய நுணுக்கங்களல்ல என்பதை ஓப்பன்எஸ்எஸ்எச் என்னும் மென்பொருளின் அனுபவம் காட்டுகிறது. தொலைவிலுள்ள சேவையகத்துள் மறைகுறியீட்டின் பாதுகாப்புடன் நுழைவதற்கு உலகெங்கும் பயன்படுவது இது. ஓப்பன்பிஎஸ்டி என்னும் முறைமையை ஆக்குவோர் 1999இல் இதனை வெளியிட்டனர். பாதுகாப்பில் அவர்கள் காட்டும் கண்டிப்பு பெயர்பெற்றது. நுழைய வருபவர் தம்மை இன்னாரென நிறுவுவதற்கு இச்செய்நிரல் ஒரு தவணை கொடுக்கும். இன்றைய இயல்பான தவணை 120 வினாடி. அதற்குள் நிறுவாவிடின், முன்னர் வைத்த கடிகாரம் அடிக்கும். 14ஆம் எண் சைகை வரும். சைகையைக் கையாளும் பகுதி, தவணை முடிந்தது என்று பதிவேட்டில் ஒரு வரி எழுதிவிட்டு இணைப்பை முடித்துக்கொள்ளும். கேட்பதற்கு இதைவிட ஒழுங்கான நடைமுறை இருக்கமுடியாது. ஆனால் பதிவேட்டில் எழுதும் செயற்கூறு, லினக்சில், தன் வேலைக்காக நினைவகத்தில் இடம் ஒதுக்கக் கேட்கக்கூடும். நுழைய வந்தவர் கள்ளராயின், இடம் ஒதுக்கும் கணக்குப் பாதியில் நிற்கும் கணத்திலேயே கடிகாரம் அடிக்குமாறு தம் செய்திகளை அளந்து அனுப்பலாம். பாதிக்கணக்கை முழுக்கணக்கென நம்பும் இலிகிதரின் தடுமாற்றமே கள்ளருக்குத் திறவுகோல். அப்பகுதி இயங்குவதோ சேவையகத்தின் தலைமை உரிமையுடன்.

2006இல் மார்க் டவுட் என்பார் இதனைக் கண்டறிந்தார். அவ்வாண்டே 4.4 பதிப்பில் அது திருத்தப்பட்டது. டெபியன் என்னும் லினக்ஸ் வெளியீட்டார் தம் பழைய பதிப்புக்கு அத்திருத்தத்தைப் பெயர்த்தெழுதியபொழுது முழுமையாக எழுதவில்லை என்பது 2008இல் தெரியவந்தது. அங்கே அது மறுபடியும் திருத்தப்பட்டது. மூல மென்பொருளில் அமைந்த காப்பு மிகச் சிறியது. பதிவேட்டில் எழுதும் கூற்றைச் சுற்றி ஒரு நிபந்தனை: சைகையின் நடுவே எழுதுவது தீங்கற்றது என்று அறியப்பட்ட முறைமையாயின் எழுது, அன்றேல் எழுதாதே. பதினான்கு ஆண்டுகள் அந்த நிபந்தனை தன் இடத்தில் நின்றது.

2020ஆம் ஆண்டு ஒக்ரோபரில், பதிவேடு எழுதும் பகுதி முழுவதும் மறுசீரமைக்கப்பட்டபொழுது, அது தவறுதலாக நீங்கிவிட்டது. 2021 மார்ச்சில் வெளிவந்த 8.5 பதிப்பு அவ்வழுவுடனேயே உலகெங்கும் சென்றது. குவாலிஸ் என்னும் பாதுகாப்பு நிறுவனத்தார் 2024 யூலை 1ஆம் நாள் இதனைப் பகிரங்கப்படுத்தினர். ஏறத்தாழ 10,000 முயற்சிகளில் ஒருமுறை பொழுது பொருந்துகிறது. 120 வினாடிக்கு 100 இணைப்புகள் என்று முயன்றால் மூன்று நான்கு மணித்தியாலம். நினைவக முகவரிகளை ஊகிப்பதற்கான பிழையையும் சேர்த்தால் ஆறு முதல் எட்டு மணித்தியாலத்தில் சேவையகம் கைவசமாகிறது என்று, 32 பிற் கணினிகளில் தாம் செய்த சோதனையிலிருந்து அவர்கள் கணக்கிட்டனர். இணையத்தில் வெளித்தெரியும் சேவையகங்களுள் 140 இலட்சத்துக்கு மேற்பட்டவை இதற்கு இலக்காகக்கூடும் என்றும் மதிப்பிட்டனர். பின்னடைவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் நடுவே அம்மென்பொருளின் பெயரெழுத்துகளைப் பொதித்து இவ்வழுவுக்குப் பெயரும் சூட்டினர். விளம்பரத்துக்கெனப் படைக்கப்பட்ட பெயராயினும் பொருத்தம் மறுக்கமுடியாதது.

நிபந்தனையை நீக்கியவரைக் குறைகூறுதல் எளிது, அது நியாயமாகாது. அவர் முன்னிருந்தது காரணம் எழுதப்படாத ஒரு வரி. சூத்திரம் மட்டும் கைக்குக் கிடைத்து உரை கிடைக்காதபொழுது என்ன நேரும் என்பதைத் தமிழ் மாணவர் அறிவர். சேனாவரையர் முதலியோர் இலராயின், தொல்காப்பியத்தில் ஒரு சொல் ஏன் அங்கே நிற்கிறது என்று இன்று எத்தனை இடங்களிற் சொல்லமுடியும்? ஏடு பெயர்த்தெழுதியோர், தமக்கு விளங்காத பாடத்தை மிகையென்று கருதித் திருத்தியதும் உண்டு. அவர்கள் அறிவிலிகள் அல்லர், பெரும்பாலும் ஒழுங்கை விரும்பியவர்கள். செய்நிரலைச் சீரமைப்பவரும் ஒழுங்கை விரும்புபவரே. சீரமைப்பு என்பதே மிகையை நீக்குதல். எந்த வரி மிகை, எந்த வரி காப்பு என்பதைச் செய்நிரலின் மொழி வேறுபடுத்திக் காட்டுவதில்லை. நிபந்தனை நீங்கிய பின்னரும் செய்நிரல் மொழிபெயர்க்கப்பட்டது, இயங்கியது, சோதனைகளில் தேறியது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. ஓப்பன்பிஎஸ்டி முறைமையில் இந்த வழு தீங்கு செய்யவில்லை. சைகையின் நடுவிலும் அச்சமின்றி அழைக்கத்தக்க பதிவேட்டுச் செயற்கூறு ஒன்றை அம்முறைமையினர் 2001இலேயே ஆக்கிவைத்திருந்தனர். ஆகவே அம்மென்பொருள் பிறந்த வீட்டிற் காப்பு இருந்தாலும் நீங்கினாலும் வேறுபாடு தெரியாது. தீங்கு நேர்வது அது குடிபெயர்ந்து சென்ற லினக்ஸ் சேவையகங்களில். அங்கே மேற்படி செயற்கூறு இல்லை. சொந்த வீட்டில் வலி தராத முள்ளை எவரும் தேடிப் பார்ப்பதில்லை.

சைகையின் நடுவே அழைக்கத்தக்க செயற்கூறுகள் இவையென்று பொசிக்ஸ் நியமம் ஒரு பட்டியலே தந்துள்ளது. அதில் இடம் ஒதுக்கும் செயற்கூறு இல்லை; பதிவேட்டில் எழுதுவது இல்லை; திரையில் ஒரு வரி அச்சிடும் மிகச் சாதாரணமான செயற்கூறும் இல்லை. பட்டியலைப் படியாமலே செய்நிரல் எழுதலாம். எழுதியது இயங்கவும் செய்யும்.

2024 யூலையில் வெளியான 9.8 பதிப்பில் இவ்விடயம் வேறு வகையாகத் தீர்க்கப்பட்டுள்ளது. நீங்கிய நிபந்தனையை மீளச் சேர்ப்பதோடு நில்லாமல், அது தேவைப்படாதவாறு அமைப்பையே மாற்றினர். இப்பொழுது தவணை முடிந்து கடிகாரம் அடித்தால், சைகையைக் கையாளும் பகுதி எதையும் எழுதுவதில்லை. குறித்த ஓர் எண்ணை விட்டுவிட்டு அச்செயன்முறை உடனே மடிகிறது. வாசலிற் காத்திருக்கும் தாய்ச் செயன்முறை அந்த எண்ணைப் பார்த்து, தன் வேலை ஒழுங்கில் ஆறுதலாக, தவணை முடிந்த செய்தியைப் பதிவேட்டில் எழுதுகிறது.